ஸ்க்ரம் முறை: வரலாறும் கற்றலும் – எல்லை ஊர்களிலிருந்து ஒரு பார்வை

2020ஆம் ஆண்டு கொரோனா வந்து அலுவலகங்களை வீடுகளுக்குள் கொண்டுவந்தபோது, கூடவே ஒரு சொல்லும் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், "ஸ்க்ரம் தொடங்கியாச்சு, கொஞ்ச நேரம் மிண்டாம இருங்கோ" என்ற குரல் காலையில் கேட்காத நாள் இல்லை என்றாயிற்று. "என்னவாக்கும் அது?" என்று பெரியவர்கள் கேட்டால், "ஆபீஸ் மீட்டிங்" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

அந்தப் பதிலைச் சற்று விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஸ்க்ரம் எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது, நம் எல்லை ஊர்களுக்கு எவ்வழியாக வந்தது, அதை நம் பிள்ளைகள் எப்படிக் கற்றால் பயன்படும் என்ற கேள்விகளுக்கு, அத்துறையில் பணியாற்றியவன் என்ற முறையிலும், எல்லை ஊர் இளைஞர் சிலருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சொல்லின் பிறப்பு

ஸ்க்ரம் என்பது ரக்பி விளையாட்டுச் சொல். ஓர் அணிக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, தலை குனிந்து, எதிரணியைத் தள்ளிப் பந்தைத் தம் பக்கம் கொண்டுவரும் நிலைக்கு அப்பெயர். நமக்குக் கபடியும் பந்துகளியும் தெரியும். ரக்பி அவ்வளவு பழக்கமில்லை. ஆகவே சொல் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இச்சொல்லைத் தொழில் உலகுக்குக் கொண்டுவந்தவர்கள் ஹிரோதாகா தாகேவுச்சி, இகுஜிரோ நோனாகா என்னும் இரு ஜப்பானியப் பேராசிரியர்கள். 1986இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் அவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டாவின் சிற்றுந்து, கேனன் நிறுவனத்தின் கேமரா, ஃபுஜி-ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் எந்திரம் முதலிய புதுப் பொருள்கள் எவ்வாறு உருவாயின என்று ஆராய்ந்து, ஓர் உண்மையைக் கண்டார்கள். வழக்கமான முறை அஞ்சல் ஓட்டம் போன்றது; ஒரு பிரிவு தன் வேலையை முடித்துக் கோலை அடுத்த பிரிவின் கையில் கொடுக்கும். சிறந்த நிறுவனங்களிலோ எல்லாப் பிரிவினரும் ஒரே குழுவாக, பந்தைத் தமக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்து, சேர்ந்தே முன்னேறினர். இதைத்தான் அவர்கள் ரக்பிக்கு ஒப்பிட்டார்கள். மென்பொருளைப் பற்றிய கட்டுரை அல்ல அது என்பது கவனிக்கத்தக்கது.

1993இல் அமெரிக்காவின் ஈசல் என்னும் நிறுவனத்தில் ஜெஃப் சதர்லாண்டும் அவர் குழுவினரும் இக்கருத்தை மென்பொருள் வேலைக்குப் பொருத்திப் பார்த்தனர். கென் ஷ்வேபர் என்பவரும் தனியாக இதே திசையில் முயன்றுகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து 1995இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த ஊப்ஸ்லா மாநாட்டில் ஸ்க்ரம் முறையை முன்வைத்தனர். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டு என்ற மலைப்பகுதியில் 17 பேர் கூடி ‘அஜைல்’ அறிக்கையை வெளியிட்டபோது அவ்விருவரும் அதில் இருந்தனர். 2010இல் ‘ஸ்க்ரம் வழிகாட்டி’யின் முதல் பதிப்பு வந்தது. பலமுறை திருத்தப்பட்டு, 2020 நவம்பரில் வெளியான பதிப்பு முன்னதைவிடச் சுருங்கி 13 பக்கங்களில் முடிந்துவிட்டது.

எதற்காகப் பிறந்தது?

அதற்கு முன் என்ன முறை இருந்தது? முதலில் தேவைகளை எல்லாம் எழுதி முடிப்பது, பிறகு வடிவமைப்பது, பிறகு நிரல் எழுதுவது, பிறகு சோதிப்பது, கடைசியில் வாடிக்கையாளரிடம் கொடுப்பது. மேலிருந்து தண்ணீர் படிப்படியாக விழுவதுபோல் இருப்பதால் இதற்கு ‘அருவி முறை’ என்று பெயர். இதன் மூலம் என்று எல்லோரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தைப் போட்ட ராய்ஸ், அதை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்றும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்!

அருவி முறையின் குறை எளிதில் விளங்கும். வீடு கட்டுகிறவர் வரைபடத்தில் தலையாட்டிவிட்டு, சுவர் எழும்பியபின் "அடுக்களை இந்தப் பக்கம் இருந்தால் நல்லா இருந்திருக்குமே" என்பதில்லையா? கண்ணால் பார்த்த பிறகுதான் மனிதனுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது தெளிகிறது. மென்பொருளில் இது இன்னும் அதிகம். ஒன்றரை ஆண்டு கழித்து முழுப்பொருளைக் காட்டி, "நாங்கள் கேட்டது இது அல்ல" என்ற பதிலைப் பெற்ற திட்டங்கள் உலகெங்கும் உண்டு.

இந்தியாவுக்கு இதில் ஒரு தனி நிலை இருந்தது. 1990களில் நமக்கு வந்த வேலைகளில் பெரும்பகுதி, அயல்நாட்டில் எழுதப்பட்ட தேவைப் பட்டியலை வாங்கி, இங்கே நிரலாக்கித் திருப்பி அனுப்பும் வேலை. 2000ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலைச் சரிசெய்யும் வேலையும் அத்தகையதே. ஆயிரக்கணக்கான மைல் தூரமும், பகல் இரவு வித்தியாசமும் இடையில் இருந்ததால், ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கவேண்டும் என்ற ஒழுங்கு அவசியமாயிற்று. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்து மென்பொருள் பொறியியல் நிறுவனம் வகுத்த சி.எம்.எம். அளவுகோலில் ஐந்தாம் நிலையை எட்டுவது இந்திய நிறுவனங்களின் பெருமையாக இருந்தது. அந்த ஒழுங்கு நமக்கு நல்ல பெயரைத் தந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நிரல் எழுதுகிறவன் வாடிக்கையாளரின் முகத்தையே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் நிலையும் அதனால் வந்தது. "சொன்னதைச் செய், ஏன் என்று கேளாதே" என்பதே எழுதப்படாத விதி. அந்த விதியைத்தான் ஸ்க்ரம் கேள்விக்கு உள்ளாக்கியது.

எல்லை ஊர்களுக்கு வந்த வழி

1956 நவம்பர் 1 மாநிலச் சீரமைப்பு நம் பகுதியின் வரலாற்றைப் பிரித்த நாள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை அந்தப் பக்கம், இஞ்சிவிளை இந்தப் பக்கம். சந்தைக்கும் கல்யாணத்துக்கும் எல்லை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் அரசு விண்ணப்பத்துக்கும் எல்லை உண்டு. பாறசாலை, காரோடு, குன்னத்துகால், வெள்ளறடை போன்ற ஊர்களில் வீட்டில் தமிழும், பள்ளியில் மலையாளமும், பின்னர் கல்லூரியில் ஆங்கிலமுமாகப் பிள்ளைகள் வளர்வது அதன் விளைவு.

1979இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டபின் பாறசாலையிலிருந்து தலைநகருக்கு அன்றாடம் போய்வருவது எளிதாயிற்று. 1990இல் கேரள அரசு கழக்கூட்டத்தில், வைத்தியன்குன்று என்ற மேட்டில், டெக்னோபார்க்கைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. விமானத் துறைக்கு மென்பொருள் செய்யும் ஐ.பி.எஸ். 1997இல் அங்கே உருவாயிற்று. யு.எஸ்.டி., இன்ஃபோசிஸ், டி.சி.எஸ். போன்ற நிறுவனங்களும் வந்தன. எல்லை ஊர்ப் பிள்ளைகள் பலர் அதிகாலை ரயிலையும் பேருந்தையும் பிடித்து அங்கே வேலைக்குப் போகலானார்கள். அயல்நாட்டு வாடிக்கையாளர்கள் ஸ்க்ரம் முறைக்கு மாற மாற, அவர்களுக்காக வேலை செய்த குழுக்களும் மாறவேண்டியதாயிற்று. ஜப்பானியத் தொழிற்சாலையில் கண்ட உண்மை, அமெரிக்கா வழியாகச் சுற்றி, கழக்கூட்டம் வழியாக நம் ஊருக்கு வந்த பாதை இதுவே.

முறையின் அமைப்பு

ஸ்க்ரம் சொல்வது மிகக் கொஞ்சம். ஒரு குழுவில் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவு. அதில் மூன்று பொறுப்புகள். எதை முதலில் செய்யவேண்டும் என்று முடிவுசெய்பவர் பிராடக்ட் ஓனர். முறை சரியாக நடக்க உதவுபவர் ஸ்க்ரம் மாஸ்டர்; பெயரில் மாஸ்டர் இருந்தாலும் அவர் மேலதிகாரி அல்லர், குழுவின் வழியில் கிடக்கும் கல்லை அகற்றுபவர். வேலையைச் செய்பவர்கள் டெவலப்பர்கள்.

செய்யவேண்டியவை எல்லாம் ஒரு பட்டியலில் வரிசையாக இருக்கும். அதன் தலைப்பகுதியிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு மாதத்துக்கு மிகாத ஒரு கால அளவில் செய்து முடிப்பார்கள். அந்தக் கால அளவுக்கு ஸ்ப்ரிண்ட் என்று பெயர். பலர் இரண்டு வாரம் வைத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் திட்டமிடல், அன்றாடம் 15 நிமிடக் கூட்டம், முடிவில் செய்ததை உரியவர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்டல், அதன்பின் "நாம் வேலை செய்த விதம் சரியா?" என்று குழு தன்னையே திரும்பிப் பார்த்தல். ஸ்ப்ரிண்ட் தோறும் பயன்படத்தக்க ஏதாவது ஒரு பகுதி முடிந்திருக்கவேண்டும். "தொண்ணூறு சதவீதம் ஆச்சு" என்ற பேச்சு இங்கே செல்லாது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக மூன்று தூண்களைச் சொல்வார்கள்: வெளிப்படையாக வைத்தல், ஆராய்ந்து பார்த்தல், அதற்கேற்ப மாறுதல். 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐந்து பண்புகளும் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று துணிவு. தொழில்முறை பற்றிய ஒரு சிறு நூலில் துணிவு என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. அதன் பொருள் பின்னர் ஒரு பிள்ளையின் வாயால் விளங்கிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த இரண்டு கூட்டுமுறைகள்

புதிய ஒன்றைக் கற்பிக்கும்போது தெரிந்ததிலிருந்து தொடங்குவது நல்ல வழி. நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் அதற்கு இரண்டு வாசல்கள் உள்ளன.

முதலாவது பாலராமபுரத்துக் கைத்தறி. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில், தென் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்கள் குடியேறிய ஊர் அது. அத்தெருக்களில் பாவு போடும் காட்சி புகழ்பெற்றது. விடியற்காலையில் தெரு நீளத்துக்கு நூலை விரித்துக் கட்டி, கஞ்சிப்பசை ஏற்றி, பலர் சேர்ந்து பிரஷ் பிடித்து நடப்பார்கள். அறுந்த இழையைக் கண்டவர் அங்கேயே முடிந்துவிடவேண்டும். "அது என் பக்கம் இல்லை" என்று சொல்ல முடியாது. பசை காய்வதற்குள் வேலை முடியவேண்டும். குறித்த நேரம், ஒரே நோக்கம், குற்றத்தைக் கண்ட இடத்திலேயே திருத்துதல் ஆகிய மூன்றும் ஸ்க்ரம் குழுவுக்கும் உரியவை.

ஆனால் ஒப்புமையை இழுத்துக்கொண்டே போகக்கூடாது. நெசவாளிக்கு என்ன துணி வரப்போகிறது என்பது முன்பே தெரியும். ஸ்க்ரம் பிறந்ததோ, முடிவு எப்படியிருக்கும் என்று தெரியாத வேலைக்காக. ஆகவே இரண்டாவது வாசல் தேவைப்படுகிறது.

அது குடும்பஸ்ரீ. 1998 மே 17 அன்று மலப்புறத்தில் அப்போதைய பிரதமர் வாஜ்பாயால் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டத்தில், 10 முதல் 20 வரை பெண்கள் சேர்ந்தது ஓர் அயல்கூட்டம். வாரம் ஒருமுறை உறுப்பினர் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சேமிப்புப் பணம், கடன், திருப்பிக் கட்டியது எல்லாம் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். கோழி வளர்ப்போ ஊறுகாய்த் தொழிலோ சரிவரவில்லை என்றால் அடுத்த வாரமே தெரிந்துவிடும்; வழியை மாற்றிக்கொள்ளலாம். சிறு குழு, சிறு கால அளவு, மறைக்காத கணக்கு, மாற்றிக்கொள்ளும் உரிமை! மகன் கணினி முன் படிக்கும் பாடத்தின் பாதி அவன் அம்மாவுக்கு வாரந்தோறும் நடைமுறையில் தெரிந்ததுதான். இதைச் சொல்லித் தொடங்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் தெளிவை நான் கண்டிருக்கிறேன்.

வாசகசாலையில் ஒரு பயிற்சி

எல்லை ஊர் ஒன்றின் வாசகசாலையில் ஆறு இளைஞர்களைக் கொண்டு ஒரு பயிற்சி நடத்தினோம். அங்குள்ள தமிழ், மலையாள நூல்களுக்குக் கணினியில் ஒரு பட்டியல் தயாரிக்கவேண்டும் என்பதே வேலை. ஒரு வாரம் ஒரு ஸ்ப்ரிண்ட். மொத்தம் நான்கு வாரம். முதல் வாரம் 50 நூல்கள் மட்டும். ஆனால் அந்த ஐம்பதையும் உண்மையிலேயே தேடி எடுக்க முடியவேண்டும்.

பிள்ளைகள் ஆசிரியர் பெயர் வரிசையில் அழகாகச் செய்து, வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு, "மக்களே, நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க வாறவங்க ஆசிரியர் பேரு கேக்கமாட்டாங்க. ‘தமிழ் புஸ்தகம் எந்த அலமாரில இருக்கு?’ண்ணுதான் கேப்பாங்க" என்றார். நான்கு வாரமும் வேலை செய்து முடித்துவிட்டு இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு வேலை வீண்! ஒரு வாரத்தில் கேட்டதால் ஐம்பது நூலோடு போயிற்று. அருவி முறைக்கும் ஸ்க்ரம் முறைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாக எந்த வகுப்பிலும் விளக்க முடியாது.

இரண்டாம் வாரம் நடந்தது இன்னும் முக்கியமானது. தமிழ் நூல்களின் பெயர்களைத் தட்டச்சு செய்யும் பொறுப்பில் இருந்த பெண், அன்றாடக் கூட்டத்தில் மூன்று நாள் தொடர்ந்து "ஒண்ணும் இல்ல, போயிட்டிருக்கு" என்று சொல்லிவந்தாள். கூட்டம் மலையாளத்தில் நடந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் தமிழிலேயே பேசலாம் என்று வைத்தோம். அப்போதுதான், "நான் அடிச்ச தமிழ் எழுத்து எல்லாம் மற்ற கம்ப்யூட்டர்ல ஏ பி சி டிண்ணு கிறுக்கலாத் தெரியுது சார்" என்றாள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததால் வந்த கோளாறு. ஒருங்குறிக்கு மாற்றியதும் அரை மணி நேரத்தில் சரியாயிற்று.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே பிள்ளே?" என்று கேட்டபோது அவள் சொன்ன பதில்: "தமிழ்லதான் பிரச்சனைண்ணு சொன்னா, தமிழ்ப் பட்டியலே வேண்டாம்ணு விட்டுருவாங்களோண்ணு நெனச்சேன்."

வழிகாட்டியில் துணிவு என்ற சொல் ஏன் இருக்கிறது என்பது அன்று விளங்கிற்று. 15 நிமிடக் கூட்டத்தின் உயிர், அதில் சொல்லப்படும் உண்மை. எண்ணிக்கையில் சிறியவர்கள், தம் குறையைச் சொன்னால் உள்ளதும் போய்விடும் என்று அஞ்சி மௌனமாக இருப்பது புதிதல்ல. எல்லை ஊர்த் தமிழர்கள் 1956க்குப் பின் பழகிப்போன மௌனம் அது. அந்த மௌனத்தோடு நம் பிள்ளை பெரிய நிறுவனத்தின் கூட்டத்தில் போய் நின்றால், திறமை இருந்தும் பின்தங்கிவிடுவான். அவன் கண்ட பிழையும் வெளியே வராமல் போகும். இழப்பு இருபக்கமும்.

சடங்கும் சாரமும்

ஸ்க்ரம் முறைக்கு எதிராகவும் நியாயமான குரல்கள் உண்டு. பல இடங்களில் அது வெறும் சடங்காகிவிட்டது. நின்றுகொண்டு பேசுகிறார்கள், ஆனால் மேலதிகாரி ஒவ்வொருவரிடமும் கணக்குக் கேட்கும் கூட்டமாக அது மாறிவிடுகிறது. அன்றாடக் கூட்டம் டெவலப்பர்கள் தமக்குள் அடுத்த நாள் வேலையைச் சரிசெய்துகொள்வதற்கு. அறிக்கை கொடுப்பதற்கு அன்று. "நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன" என்ற மூன்று கேள்விகளை இன்றும் பலர் மந்திரம்போலச் சொல்லித்தருகிறார்கள். 2020ஆம் ஆண்டுப் பதிப்பு அவற்றை நீக்கிவிட்டது என்பதே பலருக்குத் தெரியாது. பூசையின் பொருள் மறந்து மணியடிப்பது மட்டும் மிஞ்சிய கதைதான்!

சான்றிதழ் மோகமும் அவ்வாறே. ஸ்க்ரம் அலையன்ஸ், ஸ்க்ரம் டாட் ஆர்க் போன்ற அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. வேலை தேடும் பிள்ளைக்கு அது உதவும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு நாள் வகுப்பில் சொற்கள்தான் கிடைக்கும். ஒரு சிறு வேலையை நாலு பேர் சேர்ந்து செய்து, காட்டி, குறை கேட்டு, மாற்றிச் செய்து பார்த்தால்தான் முறை கைவரும். நீச்சலை ஆற்றில் இறங்கித்தான் படிக்கவேண்டும். நெய்யாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். ஸ்க்ரம் வழிகாட்டி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யாரும் மொழிபெயர்க்கலாம், விளக்கலாம். 13 பக்கங்களைத் தமிழில் உட்கார்ந்து வாசிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். நம் சங்கக் கூடங்களில் ஆண்டு விழாவுக்கான வேலையையே பயிற்சிக் களமாக்கலாம்: அழைப்பிதழ், மலர், மேடை, உணவு என்று பட்டியலிட்டு, வாரம் ஒரு பகுதியாக முடித்து, எல்லோருக்கும் காட்டி, திருத்திக்கொள்ளட்டும் பிள்ளைகள். அந்தக் கூட்டங்கள் தமிழில் நடக்கட்டும். "இது எனக்கு வரவில்லை, உதவி வேண்டும்" என்று முதலில் தாய்மொழியில் சொல்லிப் பழகிய பிள்ளை, நாளை அதை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தயக்கமின்றிச் சொல்லும். நம் சங்கங்களால் செய்யக்கூடிய காரியம் இது. பெரிய செலவும் இல்லை.